குளியலறைக் கத்தியும் கிர்ணிப் பழமும்: ‘சைக்கோ’ படத்தில் யார் என்ன செய்தார்கள்?

கேள்வி இதுதான். காட்பாடியில் ஒரு சின்ன நாடகக் குழு, 1960இல் வந்த ‘சைக்கோ’ படத்தைத் திரையிட்டு ஒரு பக்க நோட்டீஸ் கொடுக்கப் போகிறது. அதில் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கைத் தவிர யார் யார் பெயர் வர வேண்டும்? குளியலறைக் கொலைக் காட்சியை உண்மையில் எடுத்தது டைட்டில் வடிவமைத்த சால் பாஸ் என்கிறார்களே, சரியா? ரத்தத்துக்கும் கத்திச் சத்தத்துக்கும் என்ன செய்தார்கள்? அதே வழியில் மூன்று நிமிடக் குறும்படம் ஒன்றை வேலூர்ச் செலவில் எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் ஒரு எச்சரிக்கை. கீழே படத்தின் முடிச்சு அவிழ்கிறது. குழுவில் பார்க்காதவர்கள் இருந்தால், பார்த்த பிறகு படிக்கக் கொடுங்கள். நோட்டீஸிலும் அந்தப் பகுதி வேண்டாம்.

இந்தப் படத்தின் ஆட்களைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பணத்தில்தான் தொடங்க வேண்டும். இதற்கு முந்தைய படத்தை ஹிட்ச்காக் 40 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து வண்ணத்தில் எடுத்திருந்தார். ‘சைக்கோ’ கதையைப் பாரமவுண்ட் நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. வழக்கமான பணத்தையும் தர மறுத்தது. அவர் தன் சொந்த நிறுவனமான ஷாம்லி புரொடக்ஷன்ஸ் மூலம் தானே பணம் போட்டார். இயக்குநர் சம்பளத்தை விட்டுக்கொடுத்துப் படத்தின் பெரும்பங்கு உரிமையை வாங்கிக்கொண்டார். மொத்தச் செலவு சுமார் 8 லட்சத்து 7 ஆயிரம் டாலர். அந்தத் தொகைக்குள் முடிக்க ஒரே வழி, 1955 முதல் அவருடைய வாராந்தரத் தொலைக்காட்சித் தொடரை எடுத்துவந்த குழுவையே கொண்டுவருவது. அதைத்தான் செய்தார். 1959 நவம்பரில் தொடங்கிய படப்பிடிப்பு 1960 பிப்ரவரி 1இல் முடிந்தது. எடுத்த இடம் யுனிவர்சல் வளாகத்தில் இருந்த ரெவ்யூ ஸ்டூடியோ.

அப்படி வந்தவர்தான் ஒளிப்பதிவாளர் ஜான் எல். ரஸ்ஸல். ஹிட்ச்காக்கின் வண்ணப் படங்களை எடுத்த ராபர்ட் பர்க்ஸ் இதில் இல்லை. ரஸ்ஸலிடம் 35 மி.மீ. கேமராவில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் போடச் சொன்னார்கள். அந்த லென்ஸில் தூரமும் அளவும் நம் கண் பார்க்கிற மாதிரியே தெரியும். அதனால் பார்ப்பவனே சாவித் துவாரத்தில் கண் வைத்து எட்டிப் பார்க்கிற உணர்வு வரும். உதவி இயக்குநர் ஹில்டன் கிரீன், உடைகளுக்கு ஹெலன் கோல்விக், ரீட்டா ரிக்ஸ், ஒப்பனைக்கு ஜாக் பேரன், ராபர்ட் டான். இவர்கள் எல்லாம் வேகமாக வேலை செய்து பழகியவர்கள்.

சிக்கனம் பார்க்காத இடங்களும் உண்டு. எடிட்டர் ஜார்ஜ் டொமாசினி, இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன், டைட்டிலுக்கும் காட்சி வரைபடங்களுக்கும் சால் பாஸ். இந்த மூவரும் அவருடைய பெரிய படங்களிலிருந்து அப்படியே வந்தவர்கள். எடுக்கிற வேலை தொலைக்காட்சி வேகத்தில் நடந்தது. வெட்டி ஒட்டுகிற வேலையும் ஒலியும் சினிமாத் தரத்தில் நடந்தன. குறும்படம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இதுதான். நம்மவர்கள் பெரும்பாலும் கேமரா வாடகைக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, எடிட்டிங்குக்கும் ஒலிக்கும் கையை விரிக்கிறார்கள்.

கதைக்கு வருவோம். நாவல் ராபர்ட் பிளாக் எழுதியது, 1959இல் வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பிடிபட்ட எட் கீன் வழக்கின் நிழல் அதில் உண்டு. அந்த நாவலில் விடுதி நடத்தும் நார்மன் பேட்ஸ் நடுவயதுக்காரன், பருத்த உடம்பு, குடிப்பவன். அவனை ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள இளைஞனாக மாற்றிய இடத்தில்தான் படம் பிழைத்தது. முதலில் ஜேம்ஸ் கவானா எழுதிய திரைக்கதை தேறவில்லை. பிறகு வந்த ஜோசஃப் ஸ்டெஃபானோ, படத்தை நார்மனிடம் தொடங்காமல் மேரியன் என்ற பெண்ணிடம் தொடங்கலாம் என்றார். அவள் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள், நாம் அவள் பக்கம் சாய்கிறோம், பாதிக்கும் முன்னாலேயே நார்மனின் விடுதிக் குளியலறையில் அவள் செத்துவிடுகிறாள். அந்த யோசனைக்காகவே ஸ்டெஃபானோவின் பெயரை நோட்டீஸில் பெரிதாகப் போடலாம்.

நடிகர்களில் நார்மனாக வரும் ஆன்டனி பெர்கின்ஸுக்கு 40,000 டாலர், மேரியனாக வரும் ஜேனட் லீக்கு 25,000 டாலர் சம்பளம். லீயின் உடைகளைத் தைக்கவில்லை, கடையில் ரெடிமேடாகவே வாங்கினார்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு செக்ரட்டரி எதை வாங்க முடியுமோ அதைத்தான் மேரியன் உடுத்த வேண்டும் என்பது கண்டிப்பு. திருடுவதற்கு முன் வெள்ளை உள்ளாடை, திருடிய பிறகு கறுப்பு. முதல் தடவை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள், ஆனால் மனதுக்குள் வேலை செய்யும். தங்கை லைலாவாக வேரா மைல்ஸ். வேறொரு படத்துக்காகத் தலையை மழித்திருந்ததால் இதில் அவர் தலையில் இருப்பது விக். காதலன் சாம் ஜான் கேவின், துப்பறிவாளர் ஆர்போகாஸ்ட் மார்ட்டின் பால்சம், ஷெரிஃப் ஜான் மெக்இன்டைர், கடைசியில் விளக்கம் சொல்லும் மனநல மருத்துவர் சைமன் ஓக்லண்ட். அலுவலகத்தில் மேரியனுக்குப் பக்கத்து மேசைப் பெண்ணாக வருபவர் ஹிட்ச்காக்கின் மகள் பாட்ரிசியா. நார்மன் எப்போதும் மிட்டாய் மென்றுகொண்டே இருப்பது பெர்கின்ஸ் தானாகக் கொண்டுவந்த யோசனை. ஆர்போகாஸ்ட் கேள்வி கேட்கும்போது பெர்கின்ஸின் தொண்டையைக் கீழிருந்து காட்டும் ஷாட்டில், மிட்டாயோடு சேர்ந்து குரல்வளை ஏறி இறங்குவதைப் பாருங்கள். அவன் பொய் சொல்கிறான் என்பதை அந்தக் கழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது முடிச்சு. கொலை செய்யும் ‘அம்மா’, அம்மா வேடத்தில் வரும் நார்மனேதான். அம்மாவின் குரல் பெர்கின்ஸுடையது இல்லை. வர்ஜினியா கிரெக், ஜீனட் நோலன், பால் ஜாஸ்மின் என்ற மூன்று பேர் பேசியதைக் கலந்து ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு பெண்கள், ஓர் ஆண். ஒரே குரலாக இருந்தால் கூர்மையான காது இரண்டாவது வசனத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடும். இதில் குரல் காட்சிக்குக் காட்சி லேசாக மாறுவதால் பிடிபடவே இல்லை. குளியலறையில் கத்தியோடு நிற்கும் நிழலும் பெர்கின்ஸ் இல்லை. அந்த நாட்களில் அவர் நியூயார்க்கில் ஒரு மேடை நாடக ஒத்திகையில் இருந்தார். நிழலாக நின்றவர் மார்கோ எப்பர் என்ற சண்டைக் கலைஞர். முகத்தில் கறுப்புப் பூசி, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்துத்தான் முகத்தை மறைத்தார்கள்.

அந்தக் காட்சியைப் படமாக்க 1959 டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு நாட்கள் ஆனது. கொலை திரையில் ஓடுவது சுமார் 45 விநாடி. 78 கேமரா அமைப்புகள், 52 வெட்டுகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. செட்டின் சுவர்கள் கழற்றி மாட்டும்படி இருந்ததால்தான் அத்தனை கோணங்கள் சாத்தியமாயின. லீயின் முகம் தெரியாத ஷாட்களில் பலவற்றில் நின்றவர் மார்லி ரென்ஃப்ரோ என்ற மாடல். லீ தன் உடம்பை மறைக்க மோல்ஸ்கின் என்ற ஒட்டுத் துணியை ஒட்டிக்கொண்டார். வெந்நீர் ஆவி பட்டதும் பசை விட்டு அது பிரியத் தொடங்கியது. ஈரக் காட்சியில் எந்த ஒட்டு வேலையும் ஒரு டேக்கைத் தாண்டாது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள்.

சால் பாஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஷாட் ஷாட்டாக ஸ்டோரிபோர்டு வரைந்தவர் அவர்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. படத்தின் பெயர்ப் பட்டியலிலும் காட்சி ஆலோசகர் என்று தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். பிற்காலத்தில், காட்சியை இயக்கியதே நான்தான் என்று அவர் பேட்டிகளில் சொன்னார். ஏழு நாளும் அந்த ஷவரின் கீழ் நின்ற ஜேனட் லீயும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமராவை ஓடவிட்ட ஹில்டன் கிரீனும் அதை அடியோடு மறுத்தார்கள். தளத்தில் நின்றவர்கள் வார்த்தைதான் எடை அதிகம். ‘வரைபடம்: சால் பாஸ், இயக்கம்: ஹிட்ச்காக்’ என்று போட்டால் இருவருக்கும் நியாயம் செய்ததாகும்.

வரைபடம் வேறு, இயக்கம் வேறு என்பதற்குப் படத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. ஆர்போகாஸ்ட் மாடிப்படி ஏறும் காட்சிக்கும் பாஸ் வரைந்திருந்தார். ஹிட்ச்காக் காய்ச்சலில் படுத்துவிட, குழு அந்த வரைபடத்தை வைத்தே எடுத்துவிட்டது. கைப்பிடியில் நகரும் கை, படி ஏறும் கால் என்று துண்டு துண்டாக இருந்தது. குணமாகி வந்து பார்த்த ஹிட்ச்காக், இது சரிவராது என்று தூக்கிவிட்டார். கையையும் காலையும் தனித்தனியாகக் காட்டினால் கொலை செய்யப் போகிறவன் மாதிரி தெரியும்; இவரோ கொல்லப்படப் போகிறவர். ஒரே ஷாட்டில், நிதானமாக, சாதாரண மனிதராக ஏற வேண்டும் என்றார். இன்று படத்தில் இருப்பது அந்த ஒரே ஷாட்தான். மேலே வந்ததும் கேமரா கூரைக்குப் போவதற்கு, அம்மாவின் முகத்தை மறைப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த உயரத்திலிருந்து சட்டென்று பெரிய முகத்துக்கு வெட்டும்போது கிடைக்கிற அடி. முகத்தில் கத்திக் கீறல் விழும் இடத்தில், ரத்தம் நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் குழாயை ஒளித்து, கத்தி நெருங்கும்போது நூலை இழுத்துத் திறந்துவிட்டார்கள். அவர் படியில் பின்னோக்கி விழுவது இரண்டு படங்களின் சேர்க்கை. ஆள் இல்லாமல் கேமராவைப் படி இறக்கி முதலில் எடுத்தார்கள். பிறகு அந்தப் படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதற்கு முன்னால் பால்சமை நாற்காலியில் உட்கார வைத்துக் கையை வீசச் சொன்னார்கள்.

ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அதன் கருமை சரியான ரத்தமாக விழும். பிழியும் பிளாஸ்டிக் பாட்டிலில் அப்போது வந்திருந்ததால் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு விடுவதும் சுலபமாக இருந்தது. கத்திச் சத்தத்துக்குப் பல வகை முலாம் பழங்களை மேசையில் அடுக்கி ஒவ்வொன்றாகக் குத்திக் காட்டினார்கள். ஹிட்ச்காக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கசாபா என்ற வகையைச் சொன்னார். கசாபாவுக்குத் தோல் தடிப்பு, உள்ளே சதை இறுக்கம். மாட்டிறைச்சித் துண்டில் குத்திய சத்தத்தையும் சேர்த்தார்கள்.

நம் ஊரில் கசாபா தேட வேண்டாம். கோடையில் நேதாஜி மார்க்கெட்டில் கிர்ணிப் பழம் குவிந்து கிடக்கும். ஆனால் வாசனை வரும் அளவுக்குப் பழுத்ததை வாங்காதீர்கள். சதை குழைந்திருந்தால் ‘சொத்’ என்று சேற்றில் கால் வைத்த சத்தம்தான் வரும். அழுத்தினால் அமுங்காத செங்காயாக மூன்று எடுங்கள். ஒரு பழத்தில் முதல் மூன்று நான்கு குத்துதான் தேறும்; அதற்குப் பிறகு உள்ளே குழிந்து சத்தம் மாறிவிடும். பழத்தை வெறும் மேசையில் வைத்தால் மேசையின் அதிர்வும் பதிவாகும். ஈரச் சாக்கையோ கனத்த துண்டையோ நான்காக மடித்து அதன் மேல் வையுங்கள். மைக் ஒரு அடி தள்ளி, கத்திக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் சாறும் தெறிக்கும், குத்தின் காற்றும் அடிக்கும். ஃபேன், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் மூன்றையும் நிறுத்துங்கள். குத்துபவர் கத்தியின் அடிப்பிடியில் விரல் நழுவாமல் இருக்கக் கையுறை போட வேண்டும். பழச் சாறு எண்ணெய் மாதிரி வழுக்கும்.

சிரப்புக்கு ஒரு கப் சர்க்கரை, அரை கப் கோகோ பவுடர், ஒரு கப் தண்ணீர். கட்டியில்லாமல் கலக்கிச் சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் போதும். சித்திரை வெயிலில் இது தண்ணீராக இளகும், எறும்பும் வரும். பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து, ஷாட்டுக்கு முன் எடுங்கள். குங்குமத் தண்ணீர் வேண்டாம். வண்ணத்தில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது, மென்பொருளின் அமைப்பைப் பொறுத்துச் சிவப்பு வெளிறிய சாம்பலாகிவிடும். தரையிலும் கறை நிற்கும். சிரப் எப்படி மாற்றினாலும் கருமையாகவே நிற்கும். வடிகால் ஷாட்டுக்கு, ஓடுகிற தண்ணீரில் இரண்டு அடி முன்னாலேயே மெல்லிய இழையாக விடுங்கள். வடிகால் மேலேயே ஊற்றினால் கனத்தால் அடியில் படிந்துவிடும், சுழலாது.

ஷவரை நேர் கீழிருந்து காட்டும் ஷாட்டில் லென்ஸ் எப்படி நனையாமல் இருந்தது என்று பலரும் கேட்பார்கள். ஷவர் முகப்பின் உள்வட்ட ஓட்டைகளை அடைத்துவிட்டு, நீண்ட லென்ஸால் சற்றுத் தள்ளி நின்று எடுத்தார்கள். வெளிவட்டத் தண்ணீர் கேமராவைச் சுற்றி விழுந்தது, பார்ப்பவர்களுக்கு முகத்தில் விழுவதாகத் தெரிந்தது. மெழுகால் அடைத்து, ஃபோனில் டெலிஃபோட்டோ லென்ஸை வைத்து நீங்களும் செய்யலாம். தண்ணீர் இருக்கும் இடத்தில் கரண்டு விளக்கு ஒன்றுகூட வேண்டாம், பேட்டரி எல்இடி மட்டும். நடிகர் முன் வீசும் கத்தி அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டியதாக இருக்கட்டும். வயிற்றருகே கத்தி முனை தெரியும் ஷாட்டை அவர்களே தலைகீழாக எடுத்தார்கள். முனையை உடம்பருகே வைத்துப் பின்னால் இழுத்து, அதைத் திருப்பி ஓடவிட்டார்கள்.

ஹெர்மன் இல்லாமல் இந்தக் காட்சி இல்லை. குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் எழுதி வாசித்துக் காட்டினார், அவரும் மனம் மாறினார். ஊதுகருவியும் இல்லை, தாளக்கருவியும் இல்லை; படம் முழுக்கத் தந்திகள் மட்டும். மற்ற இடங்களிலெல்லாம் தந்திகளுக்கு மியூட் போட்டு அமுக்கிய நாதம். கொலையில் மட்டும் மியூட்டைக் கழற்றிவிட்டார். அதுவரை மூடியிருந்த காது அங்கே திறந்து கிழிகிறது. உங்கள் குறும்படத்தில் அந்த இசையை எடுத்துப் போட உரிமை கிடையாது. கர்நாடக வயலின் கற்கும் இரண்டு பேர் போதும். ஒருவர் மேல் ஸட்ஜம், இன்னொருவர் அதே நேரத்தில் சுத்த ரிஷபம். ஒவ்வொரு வீச்சும் கீழிருந்து மேலே ஜாருவாக ஏறி, சுரத்தில் நிற்காமல் வெட்டுப்பட வேண்டும். பழகிய கை தானாகவே கமகத்தைக் குழைத்து இனிமையாக்கிவிடும். அதைத் தடுப்பதுதான் உங்களுக்குக் கஷ்டமான வேலை. வில்லைக் குதிரைக்கு அருகே வைத்து அழுத்தச் சொல்லுங்கள்.

படத்துக்கு நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள்: இயக்கம், துணை நடிகையாக லீ, கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கு ரஸ்ஸல், கலை இயக்கத்துக்கு ஜோசஃப் ஹர்லி, ராபர்ட் கிளாட்வொர்த்தி, ஜார்ஜ் மைலோ. ஒன்றும் கிடைக்கவில்லை. டொமாசினிக்கும் ஹெர்மனுக்கும் பரிந்துரைகூட இல்லை என்பது இன்று வரை மனதை உறுத்தும் அநீதி. தமிழில் இந்த மரபைத் தன் வழியில் எடுத்துப்போனது பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’, 1980. கேமராவும் அவரே, நடிப்பு பிரதாப் போத்தன், ஷோபா, இசை இளையராஜா; அவருக்கு இது நூறாவது படம். நோட்டீஸின் கடைசி வரியாக இதைச் சேர்த்தால் வருகிறவர்களுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

திரையிடலுக்குப் பொதுக்காட்சி உரிமை முறைப்படி வாங்குங்கள். நீளம் 109 நிமிடம். அகலம் உயரத்தைப் போல 1.85 மடங்கு இருக்கும் சட்டத்தில் உள்ள பிரதியா என்று முன்பே ஓட்டிப் பாருங்கள். படம் தொடங்கியதும் கதவைச் சாத்திவிடுங்கள். 1960 ஜூனில் நியூயார்க்கில் வெளியானபோதே அந்த விதி இருந்தது. தாமதமாக வருகிறவர், செத்துப்போன ஜேனட் லீ எப்போது வருவார் என்று கடைசி வரை காத்திருப்பார் என்பதுதான் ஹிட்ச்காக்கின் கவலை.

பெயர்ப் பட்டியலில் இல்லாத ஒரு பெயரையும் நோட்டீஸில் போடுங்கள்: அல்மா ரெவில், ஹிட்ச்காக்கின் மனைவி, அனுபவமுள்ள எடிட்டர். எல்லாரும் பார்த்து முடித்து, படம் தயார் என்று நினைத்திருந்தபோது, தரையில் பிணமாகக் கிடக்கும் லீயிடம் ஓர் உயிருள்ள அசைவு இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். அந்த இடத்தில் ஷவர் முகப்புக்கு ஒரு வெட்டு போட்டுச் சரிசெய்தார்கள். லீயின் முகத்துக்கும் அறைக்கும் இடையே, தண்ணீர் கொட்டும் அந்தச் சின்ன ஷாட் வரும்போது கவனியுங்கள்.